ஆற்றுக்கு ஒரு சட்டம், ஊற்றுக்கு ஒரு சட்டம்

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 ஆகக் குறைந்தது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆனது. இப்படிக் கைமாறிய 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்றார்கள். மீதி 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம் வேறு. தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதைக் காவிரி நடுவர் மன்றம் குறித்துக்கொண்டது, ஆனால் பங்கீட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டது. அளவுக்கு மீறி உறிஞ்சுவதால் வரும் ஆபத்தை நினைவில் கொண்டாலும் அதில் 10 டி.எம்.சி.யையாவது கணக்கில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். உன் காலடியில் நீர் இருக்கிறது, ஆகவே ஆற்றில் உனக்கு அவ்வளவு குறைவு என்பதே அதன் சாரம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, பத்து டி.எம்.சி. என்றால் முழுக் கொள்ளளவில் நிற்கும் மேட்டூர் அணையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இதற்கு முந்தைய பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதி ஆணையில் ஒரு பிரிவு உண்டு: எந்த மாநிலம் நிலத்தடி நீரைப் பயன்படுத்தினாலும் அது காவிரி ஆற்று நீரைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படாது. 1970களில் கிருஷ்ணா நதிக்குத் தீர்வு சொன்ன பச்சாவத் நடுவர் மன்றமும் ஏறத்தாழ இதையேதான் எழுதிவைத்தது. இரண்டும் முரண் இல்லை என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். ஒன்று பயன்பாட்டைப் பற்றியது, மற்றொன்று தேவையைப் பற்றியது என்பார். ஆனால் விளைவைப் பாருங்கள். மேல்மாநிலத்தில் கிணறுகள் ஆற்றின் ஊற்றுகளை உறிஞ்சினால் நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை என்கிறது ஆணை. கீழ்மாநிலத்தில் ஆறு பாய்ந்து நிலத்தில் இறங்கிய நீர் கிணற்றில் நின்றால் மட்டும் சம்பந்தம் வந்துவிடுகிறது. நமது நீர்ச் சட்டத்தின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஆற்றையும் அதனோடு இணைந்த நிலத்தடி நீரையும் ஒரே கணக்கில் வைக்காத வரை, எந்த உரிமையும் எழுதிய தாளுக்கு வெளியே நிற்காது. வலுத்தவர் வேண்டும்போது அவற்றை ஒன்று என்பார், வேண்டாதபோது இரண்டு என்பார்.

இந்தப் பிரிவினை நம் ஊரில் பிறந்ததல்ல. லண்டனுக்குத் தெற்கே ஓடித் தேம்ஸில் கலக்கும் வாண்டில் என்ற சிற்றாற்றின் கரையில் ஒரு மாவு மில். அறுபது ஆண்டுக்கும் மேலாக ஆற்றுநீரின் விசையில் அது ஓடிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த குராய்டன் நகரச் சுகாதார வாரியம் ஊருக்குக் குடிநீர் தருவதற்காக ஒரு பெரிய கிணறு வெட்டி, நாளொன்றுக்கு ஐந்தாறு லட்சம் கேலன் இறைக்கத் தொடங்கியது. அந்த நீர் இறைக்கப்படாமல் இருந்திருந்தால் நிலத்துக்குள்ளேயே கசிந்து வாண்டிலை அடைந்திருக்கும் என்பதில் வழக்கில் தகராறே இல்லை. ஆயினும் 1859இல் பிரபுக்கள் சபை மில் உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வரையறுத்த கால்வாயில் ஓடாமல் நிலத்தில் கசியும் நீருக்கு யாரும் உரிமை கோர முடியாது, தன் நிலத்தில் தோண்டுகிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்பதே முடிவு. இதற்குப் பதினாறு ஆண்டு முன்பு, நிலக்கரிச் சுரங்கத்தால் வற்றிப்போன ஒரு கிணற்றைப் பற்றிய வழக்கிலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றின்மீது உரிமை வகுக்க முடியாது என்பது அந்தக் காலத்து நியாயம். குராய்டன் வழக்கிலோ தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும், தெரியாது என்ற காலத்தின் விதியையே பின்பற்றினார்கள்.

அந்த விதி 1882இல் இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தில் ஏறியது. முதலில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த மாகாணங்களில் சென்னையும் ஒன்று. அதன் ஏழாம் பிரிவில் வரும் விளக்கங்களில் ஒன்று, வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் நில உரிமையாளர் தன் எல்லைக்குள் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அடுத்த விளக்கமே, இயற்கையாக ஓடும் ஓடை தன் நிலத்துக்குத் தடையின்றி வந்துசேர வேண்டும் என்று கரையிலிருப்பவர் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. இரண்டும் அடுத்தடுத்த வரிகள். முதல் வரியின்படி ஒருவர் இறைத்தால் இரண்டாம் வரியின்படி மற்றவருக்கு உள்ள ஓடை வற்றிப்போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. பதினேழாம் பிரிவு இன்னும் கடுமையானது: நிலத்தடி நீரை எத்தனை ஆண்டு அனுபவித்து வந்தாலும் அதன்மீது நீண்டநாள் அனுபோக உரிமை உண்டாகாது. மூன்று தலைமுறையாகக் கமலையிலும் பிறகு பம்புசெட்டிலும் இறைத்த கிணற்றைப் பக்கத்துத் தோட்டத்தில் நேற்றுப் போட்ட போர் ஒரே கோடையில் வற்ற வைத்தால், பழைய கிணற்றுக்காரர் கேட்க வழியில்லை. நம் விவசாயிகள் தங்கள் கிணற்று நீரைச் சொத்து என்று நினைக்கிறார்கள். சட்டம் அவர்களுக்குத் தந்திருப்பது இறைக்கும் சுதந்திரம் மட்டும். கையில் இருக்கும் நீரைக் காத்துக்கொள்ளும் உரிமை அதில் இல்லை.

அப்படியானால் அன்றைய அரசுக்கு ஆறும் ஊற்றும் ஒன்று என்பது தெரியாதா? நன்றாகவே தெரியும், வரி வசூலிக்கும்போது. 1865ஆம் ஆண்டின் சென்னைப் பாசனத் தீர்வைச் சட்டம், பின்னர் திருத்தப்பட்ட வடிவில், அரசுக்குரிய ஆறு, வாய்க்கால், ஏரி இவற்றிலிருந்து நேராகப் பாயும் நீருக்கு மட்டும் தீர்வை விதிக்கவில்லை. பக்கத்து நிலத்தின் வழியாகக் கசிந்து வந்து பயிரை நனைக்கும் நீருக்கும் விதித்தது. அந்தக் கசிவு பயிருக்குப் பயனுள்ளதா, போதுமானதா என்பதை வருவாய் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். நிலநீரியல் ஆய்வுக் கருவி எதுவும் இல்லாமல், ஒரு வருவாய்த் துறை அலுவலர் வயலில் நின்று இது அரசுத் தண்ணீர் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியும் என்று சட்டம் நம்பியது. அதே கசிவை யாரோ தடுத்துவிட்டார்கள் என்று விவசாயி நிவாரணம் கேட்கப் போனால், நிலத்தடி நீரின் போக்கை யாரறிவார் என்பது பதில். அறிய முடியாமை என்ற வாதம் அறிவியலின் எல்லையிலிருந்து வந்ததல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தீர்வை வாங்கும் அரசுக்குத் தெரிந்த கசிவு, உரிமை கேட்கும் குடியானவர் முன் வரும்போது மர்மமாகிவிட்டது.

ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்காவது இருந்தது. 1871இல் ஒரு கால்வாய்க் கம்பெனி தொடுத்த வழக்கில், ஏற்கெனவே மேற்பரப்பில் ஓடிக்கொண்டிருக்கும் நீரை நிலத்தடி வழியாக உறிஞ்சி இழுப்பது செல்லாது என்றார்கள். ஆற்றை அடையப் போகும் நீரை மறிக்கலாம், ஆற்றை அடைந்துவிட்ட நீரை இழுக்கக் கூடாது என்று கோடு கிழித்தது அந்தத் தீர்ப்பு. காகிதத்தில் அழகான கோடு. நம் ஆறுகளில் அதை எங்கே கிழிப்பது? திருச்சி கம்பரசம்பேட்டையில் காவிரிப் படுகைக்குள்ளேயே கிணறு இறக்கி நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். ஆற்று மணலுக்குள் துளையிட்ட குழாய்களைப் பரப்பி, மணல் வடிகட்டித் தரும் நீரைக் கிணற்றில் சேர்த்து மேலேற்றுவது இந்த முறை. இது ஆற்றுநீரா, நிலத்தடி நீரா? மணலுக்கு மேலே நீர் ஓடும் மாதங்களில் ஆற்றுநீர் என்றும், மணல் காய்ந்து அடியில் மட்டும் ஊற்று இருக்கும் மாதங்களில் நிலத்தடி நீர் என்றும் சொல்வதா? கிணறு அதேதான், குழாய் அதேதான், மோட்டாரும் அதேதான். ஆற்று மணல் அள்ளப்பட்ட இடங்களில் இந்தக் கிணறுகளின் சேமிப்பும் போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், மணலே இந்த நீர்க் கணக்கில் ஒரு பாத்திரம் என்பது புரியும். நீர் வேறு, கனிமம் வேறு என்று துறை பிரித்த அரசுக்கு அது எந்தப் பேரேட்டிலும் வருவதில்லை.

டெல்டாவில் இந்த இணைப்பு இன்னும் நெருக்கமானது. கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, அவற்றின் கிளைகள், வாய்க்கால்கள், தேங்கி நிற்கும் நெல்வயல்கள் எல்லாமே நிலத்தடிக்கு நீர் இறக்குகின்றன. விவசாயிகள் ஃபில்டர் பாயிண்ட் என்று சொல்லும் ஆழமில்லாத குழாய்க்கிணறுகள் அந்த நீரை எடுக்கின்றன. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவைக்கு ஆற்றுநீர் கிடைக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் குறுவை என்பது பெரும்பாலும் பம்புசெட் வைத்திருந்தவர்களின் பயிராக இருந்தது. வாய்க்கால் தண்ணீரில் முறை உண்டு, கடைமடைக்காரர் சண்டை போட்டாவது கேட்க முடியும். நிலத்தடி நீரில் முறையும் இல்லை, மடையும் இல்லை. ஆறு பொய்த்த ஆண்டில் உரிமை சத்தமில்லாமல் ஆயக்கட்டிலிருந்து பம்புசெட்டுக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு: நன்னீர் மட்டம் இறங்கினால் உப்புநீர் உள்ளே ஏறும், ஏறியது எளிதில் இறங்காது.

இந்தப் பின்னணியில்தான் 10 டி.எம்.சி. முடிவைப் பார்க்க வேண்டும். டெல்டாவின் நிலத்தடி நீர் பெரும்பாலும் காவிரி நீரே இறங்கியது, அதைத் தனியாக எண்ணினால் ஒரே நீரை இரண்டு முறை எண்ணியதாகும் என்பது தமிழ்நாட்டின் வாதம். பருவமழையாலும் நிலத்தடி நீர் ஊறுகிறது என்பதால் இந்த வாதம் முழு உண்மை இல்லை. வடகிழக்குப் பருவமழை டெல்டாவுக்குக் கொடை. ஆனால் நீதிமன்றம் எவ்வளவு மழையிலிருந்து, எவ்வளவு ஆற்றிலிருந்து என்று பிரித்துப் பார்த்து 10 என்ற எண்ணுக்கு வரவில்லை. 20இல் ஒரு பகுதி என்று நிதானமாக ஒரு மதிப்பீடு செய்தது. பிலிகுண்டுலுவில் வரும் நீர் குறைந்தால் டெல்டாவில் இறங்கும் நீரும் குறையும். ஆக, எந்தப் பத்து டி.எம்.சி.யை நம்பி ஆற்றுப் பங்கைக் குறைத்தார்களோ அந்தப் பத்தும் ஓரளவு அந்த ஆற்றுப் பங்கை நம்பியே இருக்கிறது. ஒரே கணக்கில் வைத்திருந்தால் இந்தச் சுழல் முதல் வரியிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

அதே தீர்ப்பில் பெங்களூர் பற்றிய பகுதி இதற்கு எதிர்த்திசையில் போகிறது. பெங்களூரின் குடிநீர்த் தேவையில் பாதி நிலத்தடி நீரால் தீரும் என்று கொண்டு நடுவர் மன்றம் கர்நாடகத்தின் பங்கைக் குறைத்திருந்தது. நகரத்தின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். இரண்டையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிநீருக்கு முதலிடம் என்ற கொள்கையே அதற்குக் காரணம்; அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாசனத்துக்கு நிலத்தடி நீரைக் கழிக்கலாம், குடிநீருக்குக் கழிக்கக் கூடாது என்ற வேறுபாடு உறுதியான விதியாக எங்கும் எழுதப்படவில்லை. அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது. பெங்களூருக்கு மேற்கில் அர்க்காவதி ஆற்றில் 1933இல் கட்டிய திப்பகொண்டனஹள்ளி அணை நெடுங்காலம் நகரத்துக்குக் குடிநீர் தந்தது. அந்த அணைக்கு வரும் நீர் பிற்காலத்தில் படிப்படியாக ஒடுங்கிப்போனது. பெங்களூரின் அட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் மழை குறைந்தது காரணமா என்பது உட்படப் பல சாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மழைக் குறைவு அதை விளக்கவில்லை. நிலத்தடி நீரை இறைத்ததும் தைலமரத் தோப்புகளும்தான் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. மழை நின்ற பிறகும் ஆறு ஓடுவது நிலத்திலிருந்து கசியும் நீரால். நிலத்தடி மட்டம் ஆற்றுப் படுகைக்குக் கீழே போய்விட்டால் கசிவு நிற்பதோடு, பெய்யும் மழையையும் வறண்ட நிலமே குடித்துவிடும். அர்க்காவதி காவிரியின் துணையாறு. அங்கே கிணறுகள் எடுத்த நீர் காவிரிக்கு வராத நீர். ஆணையின் வாசகப்படி அது காவிரி நீரைப் பயன்படுத்தியது ஆகாது.

மாநிலங்களுக்கு இடையே மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று எண்ணினால் ஈரோடு பக்கம் போய்ப் பார்க்கலாம். பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. இது மண் வாய்க்கால், 1950களில் வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதன் கரைகளில் கசியும் நீர் கிணறுகளை நிரப்பி, ஓடைகளில் இறங்கி, ஆயக்கட்டுக்கு வெளியே உள்ள தோட்டங்களையும் வளர்த்திருக்கிறது. ஆயக்கட்டிலேயே பாதிக்கு ஒரு பருவம், மறுபாதிக்கு அடுத்த பருவம் என்று முறை வைத்து நீர் விடுவதால், முறை இல்லாத மாதங்களில் ஆயக்கட்டுதாரரும் கிணற்றையே நம்புகிறார். 2020இல் இந்த வாய்க்காலைச் சீரமைத்துக் கான்கிரீட் போட சுமார் 710 கோடி ரூபாய்த் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, உடைப்பு எடுக்கிறது, கான்கிரீட் வேண்டும். கசிவை நம்பியவர்களுக்குக் கான்கிரீட் வந்தால் கிணறு போச்சு. ஊர்வலம், உண்ணாவிரதம், நீதிமன்றம் எல்லாம் நடந்தன.

இந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், கேள்வியே அரைகுறையானது என்பேன். கடைமடைக்காரருக்கு ஆயக்கட்டு உரிமை இருக்கிறது. பதிவேட்டில் சர்வே எண் இருக்கிறது. கசிவுக்காரருக்கு எந்தப் பதிவும் இல்லை. பதினேழாம் பிரிவு அவருக்கு அனுபோக உரிமையும் தராது. ஆகையால் திட்ட அறிக்கையில் கசிவு முழுவதும் இழப்பு என்ற தலைப்பில் ஏறுகிறது, கான்கிரீட் போட்டால் அது சேமிப்பு ஆகிறது. பயன்படாத உவர்நிலத்துக்குப் போகும் கசிவை நிறுத்தினால் சேமிப்பு என்று சொல்லலாம். கிணற்றுக்குப் போகும் கசிவை நிறுத்தினால் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது. கொடுப்பது சரியாகவே இருக்கலாம், ஆனால் எடுத்ததை எழுதிவைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஆல்-அமெரிக்கன் கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டபோது எல்லைக்கு அப்பால் மெக்சிகலி சமவெளி விவசாயிகளும் இப்படித்தான் கணக்கில் இல்லாத நீரை இழந்தார்கள். உடைப்பெடுக்கும் கரைகளையும் பழுதான மதகுகளையும் உடனே கட்டலாம், அதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. நீளம் முழுவதும் தளம் போடுவதற்கு முன் எந்தக் கிணறு எந்தக் கசிவால் நிற்கிறது என்ற பதிவேடு வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு அளவீட்டைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத நீரை, லட்சக்கணக்கான கிணறுகளை, யார் அளப்பது? மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. கிணற்றுக்கு மீட்டர் வைத்து ஒவ்வொரு லிட்டரையும் எண்ணுவது நம் ஊரில் நடக்காது, விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தரும் மாநிலத்தில் மீட்டர் என்ற சொல்லே அரசியல். ஆனால் உரிமை வகுக்க அந்த நுணுக்கம் தேவையில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலமும் ஏற்கெனவே பிர்க்கா வாரியாக நீர் ஊறுவதையும் எடுப்பதையும் மதிப்பிட்டு வருகின்றன. வாய்க்கால் கசிவும் வயலிலிருந்து திரும்பும் நீரும் அந்தக் கணக்கில் வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே முறைமையின் 1997ஆம் ஆண்டு வடிவம் ஆறுகளுக்குக் கசிந்துபோகும் இயற்கை வெளியேற்றத்துக்காக ஆண்டு ஊற்றில் ஐந்து அல்லது பத்து விழுக்காட்டை மட்டும் ஒதுக்கிவைத்தது. ஆற்றுக்கு நிலம் தரும் நீர் எவ்வளவு என்று அளந்து வந்த எண் அல்ல அது, பொதுவாக ஒதுக்கிவைத்த எண்.

அமெரிக்காவில் ரிபப்ளிகன் ஆற்று ஒப்பந்தம் இதற்கு நல்ல பதில். கொலராடோ, நெப்ராஸ்கா, கான்சஸ் மூன்றும் 1943இல் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தில் நிலத்தடி நீர் என்ற சொல்லே இல்லை. நெப்ராஸ்காவின் கிணறுகள் தன் ஆற்றுப் பங்கைத் தின்கின்றன என்று கான்சஸ் 1998இல் உச்ச நீதிமன்றம் போனது. ஆற்றின் ஓட்டத்தைக் குறைக்கும் அளவுக்குக் கிணற்று இறைப்பும் ஒப்பந்தத்துக்குள் வரும் என்று முடிவானது. 2002இல் சமரசமாகி, மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஒரே நிலத்தடி நீர் மாதிரிக் கணினிக் கணக்கை உருவாக்கின. அதன்பின் சண்டை தீர்ந்துவிடவில்லை. நெப்ராஸ்கா அளவுக்கு மேல் எடுத்தது என்று 2015இல் மறுபடியும் தீர்ப்பு வந்தது. ஆனால் அப்போது சண்டை எவ்வளவு எடுத்தாய் என்பதைப் பற்றியதாக இருந்தது. கிணறும் ஆறும் ஒன்றா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. ஆர்கன்சா ஆற்றில் கொலராடோ விவசாயிகளின் கிணறுகள் ஒப்பந்தத்தை மீறின என்று 1995இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலராடோ தன் எல்லைக்குள் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிணறுகளை ஆற்று உரிமைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. பின்னால் வந்த கிணற்றுக்காரர் இறைக்க வேண்டுமானால், தான் ஆற்றில் குறைக்கும் நீரை வேறு வழியில் ஆற்றுக்கு ஈடுசெய்ய வேண்டும். அங்குள்ள முன்வந்தவருக்கே முன்னுரிமை என்ற கொள்கையை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அது நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஈடுசெய்யும் ஏற்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. சிறு விவசாயிக்குக் கடைசியாக எஞ்சியிருப்பது அவன் கிணறு, அதையும் அரசுப் பதிவேட்டுக்குள் கொண்டுபோனால் நாளை அரசு அதைக் கம்பெனிக்குக் கொடுக்கும் என்பது. அச்சம் வெறும் கற்பனை இல்லை. பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை நீர் எடுத்ததை எதிர்த்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி 2003இல் நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்றார். 2005இல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்த முடிவை மாற்றி, நில உரிமையாளரின் உரிமைக்கே திரும்பியது. கவனியுங்கள்: நில உரிமையோடு நீர் உரிமையை முடிச்சுப் போட்டதால்தான் அங்கே ஆலைக்கு வழி கிடைத்தது. நிலம் வாங்கியவர் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்ற விதி, பெரிய மோட்டார் வாங்க முடிந்தவருக்கே சாதகம். பதிவேடு வந்தால் சிறு கிணற்றுக்காரர் முதன்முறையாக மற்றவரின் இறைப்பைக் கேள்வி கேட்கும் தகுதி பெறுகிறார். பதிவேட்டை வைத்திருப்பவர் யார் என்பதுதான் உண்மையான பிரச்சினை. தமிழ்நாடு 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. அனுமதி கொடுப்பது, மறுப்பது என்ற அதிகாரியின் மேசைச் சட்டமாக இருந்தால் எதுவும் அப்படித்தான் போகும். 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி விவசாயிகளே தேர்ந்தெடுத்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. அவை வாய்க்காலோடும் ஏரியோடும் நின்றுவிடுகின்றன. அந்தச் சங்கத்தின் எல்லைக்குள் உள்ள கிணறுகளையும் அதே பேரேட்டில் ஏற்றினால், அணை நிரம்பிய ஆண்டில் ஃபில்டர் பாயிண்ட் ஓய்ந்திருக்கவும், அணை தாமதித்த ஆண்டில் அந்த நீர் மோட்டார் வைத்தவருக்கு மட்டுமல்லாமல் மடைக்காரருக்கும் போகவும் முறை வகுக்கலாம். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இதற்குத் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பை அரசியல் வட்டாரத்தில் கேட்கலாம்: ஒரே கணக்கு என்று நாமே ஒப்புக்கொண்டால், உனக்குத்தான் நிலத்தடி நீர் இருக்கிறதே என்று கர்நாடகம் இன்னும் பத்து டி.எம்.சி. கேட்கும். இந்தத் தந்திர யோசனை 2018க்கு முன்பு சரியாக இருந்திருக்கலாம். இப்போது கதவு திறந்துவிட்டது; திறந்த கதவு ஒரு பக்கம் மட்டும் ஆடுகிறது என்பதே நம் நஷ்டம். ஒரே கணக்கில் நிலத்தடி நீர் கீழ்மாநிலத்துக்கு வரவாக மட்டும் வராது, மேல்மாநிலத்துக்குச் செலவாகவும் வரும். அர்க்காவதியில் நடந்தது பிற துணையாறுகளில் எவ்வளவு நடந்திருக்கிறது, அதனால் கோடையில் காவிரிக்கு வரும் ஊற்றுநீர் எவ்வளவு குறைந்தது என்று கேட்க இன்று நமக்குச் சட்டத்தில் இடமில்லை. அதே கேள்வி நம்மிடமும் திருப்பிக் கேட்கப்படும். பவானி, நொய்யல், அமராவதிப் பள்ளத்தாக்குகளில் நாம் போட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். சொல்லத்தான் வேண்டும்.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தப் பங்கீடு பதினைந்து ஆண்டுகளுக்கு மாறாது என்றது. அந்தக் கெடு 2033இல் முடிகிறது. அமெரிக்கச் சமவெளியில் வழக்குப் போட்டதிலிருந்து மூன்று மாநிலங்களும் ஒப்புக்கொண்ட கணினி மாதிரி கையில் வர ஐந்தாண்டு ஆயிற்று, அதுவும் அங்கே பல பத்தாண்டுக் கிணற்று மட்டப் பதிவுகள் தயாராக இருந்ததால். காவிரிப் படுகையில் அணைகளின் நீர்வரத்து நாள்வாரியாகப் பதிவாகிறது. துணையாறுகளின் கோடைக்கால ஊற்று ஓட்டமும் அதே இடங்களின் கிணற்று மட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய பதிவேடுதான் இல்லை. ஹொகேனக்கல்லுக்குக் கீழே நம் எல்லைக்குள் உள்ள ஆறுகளிலாவது அதை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.